செங்கோட்டையில் முகூர்த்தம், புனலூரில் வரவேற்பு: ஒரு கல்யாண இசை ஏற்பாட்டின் முழு விவரம்

தென்காசிக்கும் புனலூருக்கும் இடையே கல்யாணங்களுக்கு மேளம், கேரளத்துச் செண்டைக் கொட்டு, மைக்செட், கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். இசை பற்றிப் பேச உட்காரும் குடும்பங்கள் எதையெல்லாம் சேர்க்கலாம் என்றுதான் ஆரம்பிக்கின்றன. நான் கேட்கும் முதல் கேள்வி, யார் எப்போது நிறுத்துவது என்பது. ஒருவர் வாசிக்கும்போது அடுத்தவர் நிறுத்தாமல் போனதால் பாழான முகூர்த்தங்களை நிறையப் பார்த்தாயிற்று. போன ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் இந்தச் சிக்கல் எல்லா வடிவத்திலும் வந்தது, பெரும்பாலும் தீர்ந்தும் போனது. இரு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இரண்டு வீடும் அவர்கள் கேட்டதும்

பெண் வீடு செங்கோட்டை. மாப்பிள்ளை வீடு புனலூர். தாத்தா காலத்துக்கு முன்பே மலை தாண்டிப் போய்க் கடை வைத்த தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கல்லாவில் மலையாளம். காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் செங்கோட்டை மண்டபத்தில் முகூர்த்தம். அன்று மாலையே புனலூரில் வரவேற்பு. நடுவில் ஆரியங்காவு, தென்மலை வழியாக ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு மலைப்பாதை, அதில் லாரி நெரிசல் வேறு.

இந்தப் பாதைக்கு மலை தாண்டிய சம்பந்தம் புதிதில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை வைத்த வளைவு இன்னும் நிற்கிறது. ஆரியங்காவு ஐயப்பனுக்கு மண்டல காலத்தின் கடைசியில் நடக்கும் திருக்கல்யாணத்தில், மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள்தான் பெண் வீட்டாராக வருகிறார்கள். ஆகவே செண்டை நமக்கு எதற்கு என்று இந்தக் கல்யாணத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் பேச்சு நீண்டது.

பெண்ணின் அப்பா முதல் நாளே தீர்மானமாகச் சொன்னார்: "கோயில் கொடைன்னா நையாண்டி மேளம் சரி அண்ணாச்சி. முகூர்த்தத்துக்கு ராஜமேளம்தான் வேணும்." அதாவது இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964) நேரில் கேட்டவர்கள் இருந்த வீடு அது. மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு சிங்காரி மேளம் என்கிற செண்டைக் கொட்டு, இருபது பேர், வாசலில் ஆரம்பித்துத் தாலி கட்டும் வரை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மாலையில் கானமேளா. மணமக்களுக்கு வரவேற்பு மேடைக்கு நடந்து வரும்போது ஒரு சினிமாப் பாட்டு.

பெண்ணின் ஆச்சி மட்டும் எதுவும் கேட்கவில்லை. நலங்குக்கு யார் பாடுகிறார்கள் என்று நானாகக் கேட்டேன். "நாங்க நாலு பேரு பாடுவோம்யா. இந்த ரேடியோ செட்டுக்காரன் விடணுமே" என்றார்.

மூன்று பத்தி

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொண்டேன்: சடங்கு, வாசிப்பவர், நிறுத்துபவர். மூன்றாவதைத்தான் முதலில் நிரப்பினோம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும் பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் நிற்பது. குழலின் நீளமும் துளைகளும் தீர்மானிக்கிற சுருதி அது. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதி மாற்றுவதுபோல் வித்வான் மாற்ற முடியாது. பக்கத்தில் இன்னொரு சுருதியில் ரெக்கார்டு பாட்டு ஓடினால் இரண்டுமே அபஸ்வரமாகக் கேட்கும். கேட்பவருக்குக் காரணம் புரியாது, எரிச்சல் மட்டும் வரும். செண்டையில் அந்தச் சுருதிச் சண்டை இல்லை. ஆனால் இருபது செண்டையும் இலத்தாளம் என்கிற கைத்தாளமும் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தால் நாதஸ்வரத்தின் கமகம், அதாவது சுர அசைவு, ஒன்றுகூடக் காதில் விழாது. ஆலாபனையின் அழகே சின்னச் சின்ன அசைவுகளில்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு ராஜமேளம் வைத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பொருள்?

நண்பர்கள் 'பஞ்சாரி' என்றும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செண்டைக் குழுவின் ஆசான் அதைப் பொறுமையாக விளக்கினார். பஞ்சாரி மேளம் கோயிலுக்கு உரியது. முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. மெதுவாகத் தொடங்கி, பாதி பாதியாகச் சுருங்கி, வேகம் ஏற மணிக்கணக்கில் ஆகும். மண்டப வாசலில் கால் மணி நேரத்துக்கு அதைக் கேட்பது அந்த மேளத்துக்கும் நல்லதல்ல. சிங்காரி மேளம் ஊர்வலத்துக்கு ஏற்றது. ஆடிக்கொண்டே கொட்டலாம், எந்த இடத்திலும் முடித்துக்கொள்ளலாம். அதையே வைத்துக்கொண்டோம். மண்டப வளைவுக்கு வெளியே மட்டும்.

நாதஸ்வர வித்வானிடம் பேசியது வேறு மாதிரி. அவர் முதலில் கேட்டது ஐயருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை. அது தெரிந்ததும் ராகங்களை அவரே வரிசையாகச் சொன்னார். விடிகாலையில் பௌளி. மாப்பிள்ளை உள்ளே வரும்போது நாட்டை. பெண் மணவறைக்கு வரும்போது கல்யாணி. கன்னிகாதானத்தின்போது மேளம் ஓய்வு, மந்திரம் மட்டும். தாலிக்குக் கெட்டிமேளம், உடனே ஆனந்தபைரவி, பிறகு தியாகராஜரின் சீதா கல்யாணக் கீர்த்தனை குறிஞ்சியில். முடிவில் மத்தியமாவதி. முகாரி எந்த நேரத்திலும் வேண்டாம் என்றார் பெண்ணின் பெரியப்பா. முகாரி சோகராகம் மட்டுமல்ல என்று வித்வானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மனதில் ஒரு சின்ன உறுத்தல் வரக்கூடாது. வித்வான் ஒரு நொடிகூட வாதாடவில்லை. "சரிங்க, வேண்டாம்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அந்தப் பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது.

சினிமாப் பாட்டு கேட்டால் தாலி கட்டிய பிறகு, மொய் எழுதும் நேரத்தில் வாசிக்கலாம் என்று ஏற்பாடு. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தோம், பிரிவுப் பாட்டு கூடாது. நாதஸ்வரத்தில் வார்த்தை கேட்காது, ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வார்த்தை மனப்பாடம். மெட்டு எவ்வளவு இனித்தாலும் பிரிவுப் பாட்டு பிரிவுப் பாட்டுதான்.

நலங்கு

முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு ரேடியோ செட் நின்றது. காலையிலிருந்து தெரு முழுக்கப் பாடிக்கொண்டிருந்த குழாய் அடங்கியதும் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பெண்ணை மனையில் உட்காரவைத்துச் சந்தனமும் மஞ்சளும் பூச, ஆச்சியும் அவர் வயதுக்காரர்கள் மூவரும் பாடினார்கள். மைக் கொண்டுவரட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். மைக் வைத்தால் அவர்கள் மைக்கைப் பார்த்துப் பாடுவார்கள், பெண்ணைப் பார்த்துப் பாட மாட்டார்கள். இரண்டாவது பாட்டில் ஆச்சிக்கு ஓர் அடி மறந்துபோயிற்று; மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த ஓர் அத்தை அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். புனலூரில் இத்தனை காலம் இருந்தும் அதே பாட்டு அந்த வீட்டிலும் இருந்திருக்கிறது. பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து பாடினார்கள். ஆறரைக்குத்தான் ரேடியோ செட் மறுபடி பேசியது.

முகூர்த்த நாள்

சாரல். ஆவணியில் குற்றாலப் பக்கத்து ஊர்களில் இதை எதிர்பார்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஈரக் காற்றில் தோல் தொய்யும்; செண்டைக்கும் தவிலுக்கும் இரண்டுக்குமே அது பொருந்தும்.  வாத்தியங்களை மூடி, மண்டபத்துக்குள் உலர்ந்த அறையில் வைக்க முன்பே இடம் கேட்டிருந்தோம். மேளக்காரர்கள் விடியும் முன் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முதல் பந்திக்கு முன்னாலேயே இட்லியும் காபியும் கொடுத்தாக வேண்டும் என்பதை நான் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பேன். காலை ஐந்து மணியிலிருந்து மூச்சைக் கட்டி ஊதுகிறவரை எல்லாரும் சாப்பிட்ட பிறகு கூப்பிட்டு உட்காரவைப்பது பல மண்டபங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. அது பெரிய தப்பு.

மாப்பிள்ளை அழைப்பு தெருமுனையிலிருந்து நடந்து வருவதாக இருந்தது. மழையால் மண்டபத்து முகப்புக் கூரையின் கீழேயே நிற்க வேண்டியதாயிற்று. தகரக் கூரை. இருபது செண்டையும் ஒரே நேரத்தில் விழுந்த முதல் அடியிலேயே முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். ஆசான் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையால் சைகை காட்டி ஆறு பேரை மட்டும் முன்னால் நிறுத்தினார். மற்றவர்கள் முறை வைத்து மாறிக்கொண்டார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. தாளம் தெளிவாகக் கேட்டது, பையன்களின் ஆட்டமும் கூடியது. இடத்துக்கு இத்தனை செண்டை போதும் என்று அங்கேயே அளந்த அந்த மனிதருக்கு நான் மனசார நன்றி சொன்னேன்.

வளைவுக்குள் மாப்பிள்ளை காலெடுத்து வைக்கும்போது செண்டை கலாசம் என்கிற முடிப்பைக் கொட்டி முடிய வேண்டும், உடனே நாதஸ்வரம் தொடங்கக்கூடாது என்பது தாளில் இருந்த ஒரு வரி. சத்தம் அடங்கிக் காது சமனப்பட அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடத்தில் ஆரத்தி எடுத்தார்கள். அப்புறம் நாட்டை.

கெட்டிமேளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காக மேளம் உச்சத்தில் கொட்டுவது மரபு. இதற்கு ஐயர் கை தூக்குவார், தவில்காரர் அதைப் பார்த்துக் கொட்டுவார். பார்க்க முடிந்தால்தானே? இன்று மணவறைக்கு முன்னால் நிற்பது புகைப்படக்காரர், வீடியோக்காரர், விளக்குப் பிடிக்கிறவர், செல்போனில் எடுக்கிற உறவினர் கூட்டம். மேளத்துக்கென்று ஒதுக்கிய மேடை மண்டபத்தின் மறு ஓரத்தில். அங்கிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும்தான் தெரியும். யாரோ எதற்கோ கையைத் தூக்க, அதை நம்பி மேளம் முந்திக்கொண்ட கல்யாணமும் உண்டு. தாலி ஏறிய பிறகு மேளம் வந்த கல்யாணமும் உண்டு.

அதனால் மேளக்காரர்களை மணவறைக்கு வலப்பக்கம், அதே மட்டத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தோம். ஐயருக்குப் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் மகன் சிவப்புத் துண்டோடு நின்றான். "நான் கை தூக்கினா நீ துண்டைத் தூக்கு. வேற யார் சொன்னாலும் அசையாதே" என்று ஐயர் அவனுக்குச் சொல்லிவைத்தார். வீடியோக்காரர்களிடம் முந்தின நாளே பேசி, மேளத்துக்கும் துண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விடச் சொல்லியிருந்தோம். இன்னொன்று, நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வைத்திருந்த மைக்குகளை எடுத்துவிட்டோம். அவ்வளவு பெரிய கூடமாக இருந்தாலும் ராஜமேளத்துக்கு மைக் தேவையில்லை. ஐயருக்கு மட்டும் மைக். கெட்டிமேளத்தின்போது அதையும் அணைக்க ஓர் ஆள்.

துண்டு ஏறியது. இரண்டு தவிலும் ஒரே அடியாக விழுந்தன. ஒரு நிமிடம் இருக்கும். தவில்கள் நின்றதும் நாதஸ்வரம் மட்டும் ஆனந்தபைரவியை மெல்ல எடுத்தது. அந்த இடைவெளியில்தான் பெண்களின் குலவை கேட்டது. முதலில் செங்கோட்டைப் பக்கம், அதற்குப் பதிலாகப் புனலூர்ப் பக்கம். செண்டை அப்போது ஓய்ந்திருந்ததால்தான் அது கேட்டது.

புனலூர் மாலை

மண்டப முகப்பில் காலைப் பலகாரத்துக்குப் பிறகு செண்டை ஆசானும் மூத்த தவில்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு எண்ணிக்கையில் ஆதி தாளம், அதில் நீங்கள் ஓர் ஆவர்த்தனம் (தாளச் சுற்று), நாங்கள் ஓர் ஆவர்த்தனம். ஆசான் பேசியது மலையாளம், தவில்காரர் பேசியது நெல்லைத் தமிழ். "அது மதி சேட்டா" (அது போதும் அண்ணா) என்று தவில்காரர் சிரித்துக்கொண்டே முடித்தார். தவில்காரர்கள் இருவரும் வேனில் புனலூர் வர ஒப்புக்கொண்டதால், மாலை வரவேற்பு வாசலில் தவிலும் செண்டையும் மாறி மாறிப் பத்து நிமிடம் வாசித்தார்கள். நாதஸ்வரம் இல்லை, மைக் இல்லை. நண்பர்கள் காலையில் கேட்டது, சரியான இடத்தில் சரியான அளவில் கிடைத்தது. இதை முன்கூட்டியே திட்டமிடவில்லை. வாசிக்கிறவர்களை ஒருவரோடு ஒருவர் பேசவிட்டால் நம்மைவிட நல்ல யோசனை அவர்களுக்கு வரும்.

அரங்கத்தின் மேலாளர் ஒரு தடை போட்டார். சினிமாப் பாட்டு வைக்கப் பதிப்புரிமை உரிமம் காட்டுங்கள் என்றார். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் சேரும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் இதை ஒரு பொது அறிவிப்பாகவும் வெளியிட்டது. அச்செடுத்து வைத்திருந்ததைக் காட்டினோம், விஷயம் அங்கேயே முடிந்தது. இது கல்யாணத்துக்கான விலக்கு. அதே அரங்கத்தில் புத்தாண்டு ஆட்டம் வைத்தால் பொருந்தாது.

நேரக் கட்டுப்பாடும் இருந்தது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், செங்கோட்டை உறவினர்கள் இரவில் மலையிறங்க வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கே கானமேளாவை முடித்தோம்.

வரவேற்பில் இசையைக் கெடுப்பது பெரும்பாலும் ஸ்பீக்கர் வைக்கும் இடம்தான். வாழ்த்து சொல்ல வரிசையில் நிற்பவரின் காதுக்கு நேரே பாக்ஸ் இருந்தால், மேடைக்கு ஏறியவர் மணமகளிடம் தன் பெயரைக்கூடக் கத்திச் சொல்ல வேண்டும். பாக்ஸ்களை வரிசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, உட்கார்ந்திருப்பவர்களை நோக்கி வைத்தோம். முதல் ஒரு மணி நேரம் புல்லாங்குழலும் கீபோர்டும் மட்டும், பேச்சுக்குக் கீழே. கூட்டம் சாப்பிடப் போய்த் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் பாடகர்கள்.

பாட்டுப் பட்டியலை மாப்பிள்ளையின் தங்கையும் நானும் மெட்டில்லாமல் வாசித்துப் பார்த்தோம். மெட்டோடு கேட்டால் எல்லாப் பாட்டும் கல்யாணப் பாட்டாகத் தெரியும். தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கலாம் என்று குழு சொன்னது. அது கணக்குத் தீர்ப்பது மாதிரி இருக்கும் என்று மறுத்தேன். யேசுதாஸ், ஜெயச்சந்திரன், சித்ரா மூவரும் இரண்டு மொழியிலும் நிறையப் பாடியவர்கள். ஒரு பாடகரை எடுத்து அவருடைய தமிழ்ப் பாட்டு, மலையாளப் பாட்டு என்று மூன்று நான்காகச் சேர்த்தோம். இளையராஜா இரண்டு மொழியிலும் இசையமைத்தவர் என்பதால் அந்தப் பகுதிக்கு இரண்டு பக்கமும் கைதட்டியது. மாப்பிள்ளை அப்பாவுக்கு மிகவும் பிடித்த ஒரு மலையாளப் பாட்டு பிரிவைப் பற்றியது. அவர் மனம் நோகாமல், விருந்தினர் பெரும்பாலும் கிளம்பிய பிறகு வீட்டாருக்கென்று அதைக் கடைசியில் வைத்துக்கொண்டோம்.

மணமக்கள் கேட்ட பாட்டில் பாடல் தொடங்குவதற்கு முன் நீண்ட முன்னிசை இருந்தது. கதவிலிருந்து மேடைக்கு நடந்தால் அவர்களுக்குப் பிடித்த வரி வருவதற்குள் மேடை வந்துவிடும். நடந்து பார்த்து, முன்னிசையை வெட்டி, பல்லவியிலிருந்து தொடங்கினோம். சின்ன வேலை, ஆனால் செய்யாமல் விட்டால் அன்று முழுவதும் தெரியும்.

பின்னர் வந்த பேச்சு

பெண்ணின் அப்பாவுக்கு முழுத் திருப்தி. நாதஸ்வரக்காரர்களுக்கு வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துத் தன் கையால் கொடுத்தார். மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஒரு குறை இன்னும் இருக்கிறது. தாலி கட்டும்போது செண்டை இல்லாமல் போனதே என்கிறார்கள். கேரளத்துக் கல்யாணங்களில் இப்போது அப்படி வைக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அந்தக் கூடத்தில், அந்தத் தகரக் கூரையின் பக்கத்தில் நான் அதற்கு இன்றைக்கும் சம்மதிக்க மாட்டேன்.

அவர்களில் ஒருவருக்குத் தை மாதம் புனலூரில் கல்யாணம், திறந்த பந்தலில். அங்கே செண்டை தாலிக்கு வரலாம் என்று சொல்லியிருக்கிறேன், செண்டை அடங்கிய பிறகுதான் நாதஸ்வரம் என்ற நிபந்தனையோடு. ஆசானுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வித்வானிடம் இனிமேல்தான் பேச வேண்டும்.